அத்தைக்குக் கட்டிய பாய்

மே 8, வியாழன்

மழை. நடனப் பயிற்சி பள்ளி உணவகத்துக்குப் பின்னால் இருக்கும் கூரைக்கு அடியில் நடந்தது. கலோ அத்தை வழக்கம்போல ஒரு கையில் விசிறி, இன்னொரு கையில் பெட்ரோல் பங்க் காபி. பின்னால் அவள் மகள் வெய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் பள்ளியின் தொங்கா தீவு நடனக்குழுவைச் சம்பளம் இல்லாமல் பல வருடமாகப் பழக்கிவருகிறாள். சம்பளத்துக்குப் பதிலாக எங்களைத் திட்டிக்கொள்கிறாள்.

"லோசெலி, அது கை. கரண்டி இல்ல. யாருக்குச் சோறு போடுற?"

லாங்கி சத்தமாகச் சிரித்தாள். அவள் சமோவாக்காரி, பக்கத்துத் தீவு. இந்தக் குழுவில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. என் தோழி என்ற உரிமையில் வேடிக்கை பார்க்க வருவாள். அத்தை அவள் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி சிரிக்கிற? நீங்க உடம்பெல்லாம் தட்டித் தட்டி ஆடறது கொசு அடிக்கிற மாதிரி இருக்கும்."

"எங்க ஆட்டத்துல கொசுவாவது சாகும் ஆன்ட்டி. இவ ஆடினா அதுவும் தூங்கிடும்."

விசிறி பறந்து வந்தது. என் மேல்தான் பட்டது.

ஜூன் இருபது, பசிபிக் இரவு. தலைநகர் வெலிங்டனிலிருந்து கல்வி அமைச்சக விருந்தினர்கள் வருகிறார்களாம். நடுவில் நான் ஒருத்தி தனியாக ஆடும் ஆட்டம்தான் முடிவு. சுவரொட்டிகள் இன்று ஒட்டிவிட்டார்கள். போன வருடத்துப் படம்: தோளெல்லாம் எண்ணெய் மினுங்க, தலையில் இறகு, கையை நீட்டிச் சிரித்துக்கொண்டு நான். கீழே "நம் பண்பாடு, நம் பெருமை". என் முகத்தை இவ்வளவு பெரிதாகப் பார்க்க எனக்கே கூச்சம். நாள் முழுக்கச் சுற்று வழியில் நடந்தேன்.

மே 14, புதன்

கலோ அத்தை இறந்துவிட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, காருக்குப் பக்கத்திலேயே. சாவி கையில் இருந்ததாம்.

மே 24, சனி

அடக்கம் முடிந்தது. திங்கட்கிழமை பள்ளியில் யாராவது கேட்பார்கள், அப்போது எனக்கு நாக்கு எழாது. அதனால் இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

எங்களுக்கு அத்தை என்றால் மேலே. அப்பாவுக்கு மேலே, எங்கள் எல்லோருக்கும் மேலே. மேலே இருந்தவள் போனால் கீழே இருப்பவர்கள் கீழேதான் இருக்க வேண்டும். அதனால் அவள் உடலுக்குப் பக்கத்தில் நாங்கள் உட்காரவில்லை. வாரம் முழுக்கப் பின்கட்டில் கிழங்கு உரித்தோம், அண்டா கழுவினோம். துக்கத்துக்கு இடுப்பில் கட்டும் பாயும் அப்படித்தான். நல்ல பாய் கட்டினால் நான் அவளுக்குச் சமம், அவளுக்கு மேல் என்று சொல்வதாகும். இருப்பதிலேயே பழையது, ஓரம் சிதைந்தது, ஓட்டை விழுந்தது எதுவோ அதைத்தான் நெஞ்சிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக் கயிற்றால் கட்டுவது. குடும்பம் கூடி அவிழ்க்கச் சொல்லும்வரை.

என்னுடையது எங்கள் சர்ச்சு லாவினியா ஆன்ட்டி வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. எலி கடித்த இடம் சரியாக வயிற்றின்மேல் வருகிறது.

முடியையும் வெட்டியாயிற்று. வெய்தான் வெட்டினாள். இடுப்புவரை இருந்தது இப்போது காதோடு நிற்கிறது. அவளுக்குக் கை நடுங்கியதால் ஒரு பக்கம் ஏற்றம்.

வெய் இனி எங்கள் வீட்டில், என் அறையில். அவள் அப்பா ஆஸ்திரேலியாவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவளுக்குப் பதின்மூன்று, எனக்குப் பதினேழு. ஆனால் அவள் அத்தை மகள். எங்கள் வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பாகூட எதிர்த்துப் பேச முடியாது. இதுவரை அந்த அதிகாரத்தைக் கடைசிக் கோழித்துண்டுக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறாள்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று தெரிகிறது.

மே 26, திங்கள்

பள்ளி வாசலிலேயே துணைத் தலைமையாசிரியை ஹாலரன் நிறுத்திவிட்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு லோசெலி. உங்க அத்தை இந்த ஸ்கூலுக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க." கண் கலங்கித்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பிறகு அவர் விரல் பாயைத் தொடாமல் காற்றில் ஒரு வட்டம் போட்டது. "ஆனா இதோட கிளாஸுக்குப் போக முடியாதும்மா. சீருடை விதி. நார் வேற உதிருது, யாராவது தடுக்கி விழுந்தா?"

"பசிபிக் இரவுக்குக் கட்டலாமா மிஸ்?"

"தாராளமா. அது மேடை. அது வேற."

சனிக்கிழமை எழுதிப் பழகிய அத்தனையும் தொண்டையில் நின்றுவிட்டது. எனக்கு வந்தது இரண்டு வார்த்தைதான்.

"அவுக்க மாட்டேன்."

அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்று மணி மணியடிக்கும்வரை.

மே 27, செவ்வாய்

மறுபடியும் நாற்காலி. எதிர்ச் சுவரில் நான். எண்ணெய் பூசிய நான் சிரிக்கிறேன். பாய் கட்டிய நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் இருவரில் ஒருத்தியை நினைத்துத்தான் இவர்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

கையில் தடிமனான ரஷ்ய நாவல். அதில் ஒரு விதவை இருநூறு பக்கத்துக்குக் கறுப்பைக் கழற்றுவதே இல்லை. அவள் துக்கத்தைப் பற்றி எங்களைக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அவள் எங்கள் வகுப்புக்கு வந்தால்? இந்த நாற்காலியில் பக்கத்து இடத்தைக் கொடுப்பேன்.

இடைவேளையில் லாங்கி குறிப்புகளைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "கெமிஸ்ட்ரில ஒண்ணும் நடக்கல. நீ இல்லாததால எனக்குத்தான் காப்பி அடிக்க ஆள் இல்ல. இது ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட கொடுமை, தெரிஞ்சுக்கோ."

மே 28, புதன்

நாற்காலி. அவிழ்க்கவில்லை.

மே 30, வெள்ளி

ஹாலரன் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஜூன் ஒன்பதிலிருந்து தேர்வு. சீருடை இல்லாமல் தேர்வறைக்குள் விடமாட்டார்களாம். இந்த மதிப்பெண் இல்லாவிட்டால் பல்கலைக்கழக உதவித்தொகைக்கு என் பெயர் போகாது. புதன்கிழமை அப்பா வந்து பேச வேண்டும்.

விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் அப்பா.

"வீட்டுல கட்டிக்கோ. சர்ச்சுக்குக் கட்டிக்கோ. ஸ்கூல்ல மட்டும் அவுத்து வை. நானே வேலைல அவுத்து லாக்கர்ல வச்சிட்டுத்தானே மூட்டை தூக்குறேன்?"

"அது மிஷின்ல மாட்டிக்கும்ப்பா. எனக்கு எது மாட்டிக்கும்? பென்சிலா?"

"சண்டை போடறதுக்கா இந்த நாட்டுக்கு வந்தோம்?"

"நான் எங்கேருந்தும் வரல. இங்கதான் பொறந்தேன்."

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். நான் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. அப்பா உரக்கப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உன் அத்தை இருந்தாலும் முதல்ல பரீட்சைய எழுதுன்னுதான் சொல்லுவா."

"மாமா."

குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் வெய். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அப்பாமேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ கட்டிக்கிட்டுத்தான் போவா."

இவ்வளவு பெரிய மனிதர், ஒரு கையால் அவளைத் தூக்கிவிடக் கூடியவர், தலையைக் குனிந்துகொண்டார். "சரிம்மா" என்றார். சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேனா? தெரியவில்லை. தேர்வு அப்படியே இருக்கிறது. பயமாக இருக்கிறது, அதையும் எழுதிவைக்கிறேன். பயமாக இருக்கிறது, அவிழ்க்க மாட்டேன். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கலாம்.

ஜூன் 3, செவ்வாய்

ஹாலரன் தன் அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் வெள்ளைத் தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. அவர் முகத்தில் பிறந்தநாள் பரிசு கொடுப்பவரின் அவசரம்.

பிரித்தேன். கியெகியே. சரம் சரமாகப் பின்னித் தொங்கும் இடுப்புக்கச்சை, நுனிகளில் சிப்பி, நடுவில் மஞ்சள் பூ வேலை. சனிக்கிழமை ஓட்டாரா சந்தைக்குப் போய்த் தன் காசில் வாங்கியிருக்கிறார்.

"இதைக் கட்டிக்கோ. சின்னது, சுத்தமா இருக்கு, யாரும் தடுக்கி விழ மாட்டாங்க. இதுவும் உங்களோடதுதானே? நாளைக்கே கிளாஸுக்குப் போயிடலாம். நான் தலைமையாசிரியர்கிட்ட பேசிக்கறேன்."

"இது கல்யாணத்துக்குக் கட்டறது மிஸ்."

"எவ்வளவு அழகா இருக்கு!"

"அதுதான் பிரச்சனை மிஸ்."

அவர் முகம் வாடிவிட்டது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. கெட்டவரைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம். நல்லெண்ணத்தோடு ஒருவர் சாவு வீட்டுக்குப் பூச்சூடிப் போ என்று சொல்லும்போது என்ன செய்வது? கோபப்பட்டால் எனக்கு நன்றி இல்லை. கட்டிக்கொண்டால் அத்தை என் காலுக்குக் கீழே.

தாளைத் திரும்ப மடித்து வைத்தேன். மடிப்பு நேராகத்தான் வந்தது.

ஜூன் 4, புதன்

அப்பா இரவு வேலை முடித்து நேராக வந்தார். சர்ச்சு சட்டை, அதன்மேல் அவருடைய பாய். என்னுடையதைவிடப் பெரிது, என்னுடையதைவிடக் கந்தல். காரில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்: "என் மகளை மன்னிச்சிடுங்க மேடம்... என் மகளை மன்னிச்சிடுங்க..." ஒத்திகை.

ஹாலரன் கனிவாகத்தான் பேசினார். பேசிக்கொண்டே அந்தக் கியெகியேயை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மிஸ்டர் மோஆலா. பாய்க்குப் பதிலா இதைக் கட்டட்டும்."

அப்பா இரண்டு உள்ளங்கையிலும் அதை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கோ போய்விட்டது, எனக்குத் தெரிந்தது.

"நல்ல வேலைப்பாடு மேடம்."

"ஆமா, இல்ல?"

"எங்கக்கா இருந்தா இதாலயே என்னை அடிச்சிருப்பா."

மேஜைமேல் மெதுவாக வைத்தார். "என் மக கிளாஸுக்குப் போகலாமா?"

"பாயை எடுத்துட்டா, இப்பவே."

"சரிங்க மேடம்."

வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. ஹாலரன் பின்னாலேயே வந்தார். "மிஸ்டர் மோஆலா, நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"பரவால்ல மேடம். இவ எங்க உக்காருறாளோ அங்கேயே நானும் உக்காந்துக்கறேன். உங்களுக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன்."

பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். அப்பாவின் குறட்டை சரக்கு விமானம் கிளம்புவது மாதிரி இருக்கும். தலை என் சுவரொட்டிக்கு எதிரே சாய்ந்திருக்க, நாள் முழுக்க. ஒவ்வொரு வகுப்பு மாறும்போதும் ஐந்நூறு பேர் அவரைக் கடந்து போனார்கள். ஒரு மாதம் முன்னால் என்றால் வெட்கத்தில் தரைக்குள் போயிருப்பேன். இன்று நிமிர்ந்து உட்கார்ந்து ரஷ்ய நாவலைப் படித்தேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று நடந்ததை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஹாலரன் நம்பவே இல்லை.

நேற்றுக் காலை லாவினியா ஆன்ட்டி பேரப்பிள்ளையை இறக்கிவிட வந்தபோது, கண்ணாடிக் கதவு வழியாக அப்பா பாயோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். துக்கக்காரர் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவளுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: துக்கம் கேட்க அங்கே போக வேண்டும். இன்று ஒன்பது மணிக்குச் சர்ச்சுப் பெண்கள் ஆறு பேர், ஆளுக்கொரு மூடிய தட்டு.

"துக்கத்தை ஸ்கூலுக்கு மாத்திட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நேத்து நான் பாக்கலன்னா நாங்க பாட்டுக்கு உங்க வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிட்டிருப்போம்!"

இன்றும் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா விழித்தெழுந்து, நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். எங்கள் ஆட்களிடம் இது துக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வது? துக்கம்தானே?

தாழ்வாரத்தில் பாய் விரித்தார்கள். சேப்பங்கீரையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியின் வாசனை கணக்கு வகுப்புவரை போனதாக லாங்கி சொன்னாள். பிறகு பாட்டு. தேவாலயப் பாட்டை ஆறு பெண்கள் நான்கு குரலாகப் பிரித்துப் பாடினால் அந்தக் கட்டடத்தின் ஜன்னல் எல்லாம் கூடவே பாடுகிறது.

ஹாலரன் ஓடி வந்தார். "யார் அனுமதி குடுத்தது?"

லாவினியா ஆன்ட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாம்மா, உக்காரு. சாப்பிட்டியா? இப்படி எலும்பா இருக்கியே, வீட்டுல யாரும் இல்லையா?"

வரவேற்பு மேஜைப் பெண் ஏற்கெனவே இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 6, வெள்ளி

இன்று இருபது பேருக்கு மேல். விஷயம் பரவிவிட்டது, "ஸ்கூல்ல வச்சிருக்காங்களாம்" என்று. அப்பா என் காதில் மட்டும் சொன்னார்: "உங்க அத்தை சிரிச்சிட்டிருப்பா."

வெலிங்டன் போயிருந்த தலைமையாசிரியர் திரும்பி வந்தார். அவர் அறைக்கு வழியில்லை; எங்கும் பாயும் பெண்களும். வரவேற்புப் பெண்ணிடம், "என்ன இது?" என்றார். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "துக்கம் சார்" என்றாள் அவள்.

அவர் ஷூவைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து, பாய்களின் ஓரமாக நடந்து போனார். யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ, முதுகு வலியோ, தெரியாது. ஆன்ட்டிமார் பாட்டை நிறுத்தாமலே தலையசைத்து ஆமோதித்தார்கள். ஒரு காலுறையில் கட்டைவிரல் ஓட்டை. அதையும் பார்த்தார்கள்.

மதியம் ஹாலரன் வந்தார். "திங்கட்கிழமை பரீட்சை எழுது. பாயோட." தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க இன்னிக்கு முழுக்கப் பாடுவாங்களா?"

எங்களைப் புரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கவில்லை. தாழ்வாரம் திரும்ப வேண்டும், அதற்காக. பரவாயில்லை. புரியட்டும் என்று காத்திருந்தால் தேர்வு முடிந்துபோகும்.

வெய்யிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஜூன் 9, திங்கள்

உட்கார்ந்தால் பாய் விலாவில் குத்துகிறது. எழுதினேன். நார் நான்கைந்து விடைத்தாளில் ஒட்டிக்கொண்டு போயிற்று. திருத்துபவர் பார்க்கட்டும்.

ஜூன் 20, வெள்ளி

பசிபிக் இரவு. காலையில் ஹாலரன் மறுபடியும் கேட்டார். "நாங்க ஒரு படி இறங்கி வந்தோம் லோசெலி. நீயும் அந்த ஒரு ஆட்டம் மட்டும்... விருந்தினர்கள் வர்றாங்க. இன்னிக்கு ஒரு நாள் பாய் இல்லாம."

"துக்கத்துல ஆட மாட்டோம் மிஸ்."

"ஆனா இது உங்க பண்பாட்டை மதிக்கிற நிகழ்ச்சிதானே?"

"மேடைல இருக்கிறது மட்டும்தான் பண்பாடா மிஸ்? நான் உக்காந்திருந்தேனே, அந்த நாற்காலி?"

சொல்லிவிட்டேன். அன்று வாசலில் தொண்டையில் நின்றது எல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியாக வந்தது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பள்ளி அடுப்படியில் விருந்துக்குக் கிழங்கு குவிந்து கிடந்தது, என் இடம் அங்கேதான்.

உரித்துக்கொண்டே அரங்கத்துச் சத்தத்தைக் கேட்டேன். லாங்கியின் குழு ஆடியபோது அரங்கமே அதிர்ந்தது. எங்கள் குழு ஆடவில்லை. வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அத்தைக்குப் பிடித்த பாட்டைப் பாடினார்கள். முடிந்ததும் பெரிய அமைதி. கைதட்டலாமா கூடாதா என்று வெலிங்டன்காரர்களுக்குத் தெரியவில்லையாம். தெரியாமலே இருக்கட்டும், ஒரு இரவு.

சுவரொட்டிகள் எல்லாவற்றிலும் யாரோ கறுப்புப் பேனாவால் என் இடுப்பில் பாய் வரைந்திருக்கிறார்கள், எலி கடித்த ஓட்டை உட்பட. லாங்கியின் விரல்களில் கறுப்பு மை. "எனக்கென்ன தெரியும்? நான் சமோவாக்காரி, எங்களுக்குக் கொசு அடிக்கத்தான் தெரியும்." அத்தை சொன்னதை அவள் மறக்கவில்லை. இரண்டு பேரும் சிரித்து, அப்புறம் சிரிக்காமல் நின்றோம்.

நிகழ்ச்சி நடுவில் ஹாலரன் அடுப்படிக்கு வந்தார். ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார். லாவினியா ஆன்ட்டி சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். "ஏம்மா, தோலைச் சீவச் சொன்னா கிழங்கையே சீவித் தள்ளுற. தள்ளு, நீ தண்ணி ஊத்து."

அவர் தண்ணீர் ஊற்றினார்.

ஆகஸ்ட் 23, சனி

குடும்பம் கூடியது. வெய்தான் என் பாயை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றின் சுவை உப்பாக இருக்கிறதென்றாள்.

மதிப்பெண்கள் முன்பே வந்துவிட்டன. போதுமானவை. அதைப் பற்றி எழுத இன்று மனமில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சீருடை மட்டும். காற்று நேராக இடுப்பில் படுகிறது. நடக்கும்போது பாயின் சரசரப்பு இல்லை, என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அந்தக் கியெகியே இன்னும் ஹாலரனின் இழுப்பறையில்தான் இருக்கும். பரிசளிப்பு நாளில் கட்டிக்கொள்ளக் கேட்டு வாங்கப் போகிறேன். கேட்பேன். கெஞ்ச மாட்டேன்.

வாசலில் அவர்தான் நின்றிருந்தார், வழக்கம்போல யாருடைய காலுறை சரியில்லை என்று பார்த்துக்கொண்டு. நான் கடந்தேன். "லோசெலி!" என்று கூப்பிட்டார். திரும்பினேன்.

"பாய் எங்க?"

"முடிஞ்சுது மிஸ். சனிக்கிழமை அவுத்துட்டோம்."

"யாராவது உன்னை அவுக்கச் சொன்னாங்களா? இங்க, ஸ்கூல்ல யாராவது?"

"இல்ல மிஸ். எங்க வீட்டுல."

"ஓ" என்றார். "சரி, அப்படின்னா சரி." ஆனாலும் நகரவில்லை. என் வெறும் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார், சீருடையில் ஏதோ குறைந்து வந்தவளைப் பார்ப்பதுபோல.